பொம்மைக்குள் மிட்டாயா, மிட்டாய்க்குள் பொம்மையா?

திருவிழாத் தெருவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் வருவார். நீளமான கழியின் உச்சியில் ஒரு பொம்மை. கயிற்றை இழுத்தால் அது கைகளைச் சேர்த்துத் தட்டும். கழியில் சுற்றி வைத்த மிட்டாயை இழுத்து, பிள்ளையின் மணிக்கட்டில் கடிகாரமாகவோ விரலில் மோதிரமாகவோ கட்டிவிடுவார். பொம்மை கழியோடு அடுத்த தெருவுக்குப் போய்விடும். மிட்டாய் வாயில் கரைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே வழக்கே கிடையாது.

வழக்கு தொடங்குவது, இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு, கன்டெய்னரில் ஏற்றி, சென்னைத் துறைமுகத்தில் இறக்கும்போதுதான். சக்கரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் கார். கூரையைத் திறந்தால் உள்ளே 15 கிராம் மிட்டாய். சுங்கப் படிவத்தில் இதை என்னவென்று எழுதுவது? இறக்குமதிக்குப் புதிதாக வருகிறவர் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் சரக்கு வந்து இறங்கிய பிறகே கேட்கிறார். அப்போது கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்திருக்கும். மாதிரி கையில் கிடைத்த அன்றே, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, வீட்டு மேசையில் இந்த வேலையை முடிப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் காசுக் கணக்கு

சுங்கத் தீர்வை அட்டவணையில் சர்க்கரை மிட்டாய்க்கான தலைப்பு எண் 1704. இந்தியாவில் அதன் அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதம். பொம்மைக்கான தலைப்பு எண் 9503. அதன் வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு மிட்டாயானால் அடிப்படை வரி 30,000, பொம்மையானால் 70,000. கூடுதல் வரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் இதற்கு மேல்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே 9503க்கு அடிப்படை வரி பூஜ்யம். சில்லறை உறையில் வரும் சாதாரணச் சர்க்கரை மிட்டாய்க்கு 5.6 சதவீதம். அவ்வப்போது போடும் தண்டத் தீர்வைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அங்கே பொம்மை என்று எழுதினால் லாபம், இங்கே மிட்டாய் என்று எழுதினால் லாபம். இதிலிருந்து ஒரு பாடம் உடனே கிடைக்கிறது: வெளிநாட்டு விற்பனையாளர் இன்வாய்ஸில் போட்டுத் தரும் எண்ணை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. அது வேறொரு நாட்டு வாங்குநருக்காகப் போட்ட எண்ணாக இருக்கலாம். எச்.எஸ். என்னும் சர்வதேச வகைப்பாட்டு எண்ணின் முதல் 6 இலக்கம் உலகத்துக்குப் பொது. ஆனால் இந்தியப் படிவத்துக்கு 8 இலக்கம் வேண்டும். 2011 முதல் சுயமதிப்பீடு நடப்பில் இருப்பதால், எழுதும் எண்ணுக்குப் பொறுப்பு இறக்குமதி செய்பவருடையதுதான். விற்பனையாளரும் கிளியரிங் ஏஜென்டும் சொன்னார்கள் என்பது பதில் ஆகாது.

குறிப்பு: பொருந்தும் வரி விகிதம், ஆர்டர் கொடுத்த நாளின் விகிதம் அல்ல. பில் ஆஃப் என்ட்ரி என்னும் சுங்கப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நாளின் விகிதம். கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்தால், கப்பலுக்கு உள்வருகை அனுமதி கிடைத்த நாளின் விகிதம். ஜனவரியில் கிளம்பி பிப்ரவரியில் சேரும் சரக்குக்கு நடுவில் பட்ஜெட் வரும் என்பதை மறக்கக் கூடாது.

மேசையில் செய்ய வேண்டிய வேலை

தேவையானவை: ஒரே பொருளின் மூன்று மாதிரிகள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு கத்தி, மிட்டாய்க்குத் தனியாகவும் பொம்மைக்குத் தனியாகவும் விலை பிரித்து விற்பனையாளர் எழுதிக் கொடுத்த தாள். ஒரு மாதிரியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு அதுதான் உதவும்.

1. எல்லாமே தின்னக்கூடியதா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. துப்பாக்கி வடிவம், பல்செட் வடிவம், மணி கோத்த கழுத்துமாலை என்று எந்த உருவத்தில் இருந்தாலும் அது மிட்டாய்தான். ஜவ்வு மிட்டாய்க் கடிகாரம் மணி காட்டாது. கடிகாரத் தலைப்புக்கும் போகாது.

2. மிட்டாயின் பொருட்பட்டியலைப் படிக்க வேண்டும். சூயிங்கம் 1704 10 00. ஜெல்லி வகை 1704 90 10, காய்ச்சிய கடின மிட்டாய் 1704 90 20, டாஃபி, கேரமல் 1704 90 30, மற்றவை 1704 90 90. கோகோ கலந்திருந்தால் 1806க்குப் போகும். பெயரில் சாக்லேட் இருந்தாலும் வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூள் இல்லாததால் அது 1704இல்தான் நிற்கும். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த ‘சுகர் ஃப்ரீ’ ரகம் 1704 அல்ல, 2106. புதியவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

3. மிட்டாய் அல்லாத பாகம் வெறும் உறைதானா என்று கேட்க வேண்டும். பொது விளக்க விதி 5(ஆ)படி, வழக்கமான உறையும் டப்பாவும் உள்ளே இருக்கும் பொருளோடு சேர்ந்தே வகைப்படும். லாலிபாப் குச்சிக்குத் தனி எண் தேட வேண்டியதில்லை. ஆனால் மறுபடி மறுபடி பயன்படுத்தத் தெளிவாகத் தகுதியான கொள்கலனுக்கு இந்தச் சலுகை கட்டாயமில்லை என்று அதே விதி சொல்கிறது. மிட்டாய் தீர்ந்த பிறகும் ஓடுகிற கார் உறை அல்ல.

4. உறை அல்ல என்றால், அது பொம்மைதானா? இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். எழுதக்கூடிய பால்பாயின்ட் பேனாவின் வயிற்றில் மிட்டாய் இருந்தால், அந்தப் பாகத்துக்குப் பார்க்க வேண்டியது 9608. கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருளானால் 9505. ‘குழந்தைகளுக்கான பொருள்’ என்பதும் ‘பொம்மை’ என்பதும் ஒன்றல்ல.

5. இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டியிருக்கின்றனவா? ஒட்டிக்கொண்டிருந்தால் கூட்டுப்பொருள், நேராக 7ஆம் படிக்குப் போகலாம். சேர்த்துக் கட்டியது என்றால் அது விதி 3(ஆ) சொல்லும் ‘செட்’டா என்று பார்க்க வேண்டும். நிபந்தனைகள் மூன்று: குறைந்தது இரண்டு வெவ்வேறு தலைப்புக்குரிய பொருள்கள் இருக்க வேண்டும், ஒரே தேவைக்காக அல்லது ஒரே வேலைக்காகச் சேர்த்திருக்க வேண்டும், மறுபடி பொட்டலம் கட்டாமல் அப்படியே வாடிக்கையாளரிடம் விற்கும் நிலையில் இருக்க வேண்டும். எச்.எஸ். விளக்கக் குறிப்புகளே ஒரு நல்ல உதாரணம் தருகின்றன. ஸ்பகெட்டி, துருவிய சீஸ், தக்காளிச் சாஸ் மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் செட். ஏனென்றால் மூன்றும் சேர்ந்து ஒரு சாப்பாடு. மதுபானப் புட்டியும் ஒயின் புட்டியும் ஒரே பெட்டியில் வந்தால் செட் அல்ல, தனித்தனியாகத்தான் வகைப்படும். மிட்டாய் தின்பது ஒரு வேலை, கார் ஓட்டுவது இன்னொரு வேலை. ஆகவே பொம்மை மிட்டாய் இரண்டாவது நிபந்தனையில் பெரும்பாலும் தடுக்கி விழும்.

6. செட் இல்லை என்றதும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதிவிடலாம் என்று எழுந்துவிடக் கூடாது. சுங்கத் தீர்வை அட்டவணையின் 95ஆம் அத்தியாயத்தில் உள்ள 4ஆம் குறிப்பைப் படிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டு எச்.எஸ். திருத்தத்தோடு வந்தது இது. விதி 3(ஆ)படி செட் ஆகாவிட்டாலும், பொம்மையும் வேறு பொருளும் சில்லறை விற்பனைக்காகச் சேர்த்துக் கட்டப்பட்டு, மொத்தத்தின் அடிப்படை இயல்பு பொம்மையாக இருந்தால், முழுவதும் 9503தான் என்கிறது அந்தக் குறிப்பு. பொம்மை மிட்டாய்க்காரரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி இதுதான். தெரியாமல் பிரித்து எழுதியவர், மிட்டாய்க்கும் சேர்த்து 70 சதவீதம் கட்ட நேரலாம்.

7. அடிப்படை இயல்பைத் தீர்மானிக்க வேண்டும். பொருளின் தன்மை, பருமன், அளவு, எடை, மதிப்பு, பயன்பாட்டில் அதன் பங்கு என்று விளக்கக் குறிப்புகள் அடுக்குகின்றன. எந்த ஒன்றும் தனியாக முடிவு சொல்லாது. ஒரு தாளில் இரண்டு பத்தி கிழித்து எழுதிப் பார்ப்பதே நல்ல வழி: எடை எந்தப் பக்கம், விலை எந்தப் பக்கம், அட்டையில் பெரிய படம் எதற்கு, கடையில் எந்த அலமாரியில் வைப்பார்கள், மிட்டாய் தீர்ந்ததும் பிள்ளை மீதியைத் தூக்கி எறியுமா, பத்திரப்படுத்துமா?

8. இரு பக்கமும் சமமாக நின்றால் விதி 3(இ): எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்புக்குப் போகும். 17ஐயும் 18ஐயும் விட 95 பெரியது. அதாவது, கூட்டுப்பொருளில் வழக்கு சமன் ஆனால் இந்திய இறக்குமதியாளர் தோற்றுவிடுவார். இந்த ஒரு விதிக்காகவே 7ஆம் படியில் சோம்பல் படக் கூடாது.

மூன்று மாதிரிகள், மூன்று விடைகள்

பிளாஸ்டிக் மோதிரத்தின் மேல் வைரக்கல் போல வீற்றிருக்கும் பெரிய லாலிபாப். மோதிரம் சில கிராம். மிட்டாய்தான் எடை, விலை, கவர்ச்சி எல்லாம். மிட்டாய் தீர்ந்தால் மிஞ்சும் வளையத்தைப் பிள்ளை திரும்பிப் பார்க்காது. 1704 என்று துணிந்து வாதாடலாம். வளையம் குச்சியின் அண்ணன், அவ்வளவுதான்.

தலையைச் சாய்த்தால் மிட்டாய் வில்லை தள்ளும் டப்பா. இந்த ரகத்தின் மூதாதை பெஸ். 1927இல் வியன்னாவில் வெறும் புதினா மிட்டாயாகப் பிறந்தது. கதாபாத்திரத் தலைகள் முளைத்தது 1950களில். இன்று அந்த டப்பாக்களைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மிட்டாய் தீர்ந்தாலும் மறுபடி நிரப்பலாம். ஆகவே ‘வெறும் உறை’ என்ற வாதம் இங்கே நிற்பது கடினம். மாற்று மிட்டாய்ப் பொட்டலங்களைத் தனியாக இறக்கினால் அவை சிக்கலின்றி 1704.

மூன்றாவதுதான் தலைவலி: ஒரு பாதியில் சாக்லேட் க்ரீம், மறுபாதியில் பொம்மை என்று வரும் முட்டை. நம் ஊர்க் கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த கிண்டர் ஜாய் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலேயே தயாராகிறது. அதே பாணியில் வேறு நாட்டு முட்டையைத் தருவிக்க நினைப்பவருக்குத்தான் இந்தப் பிரச்சினை. க்ரீமுக்காக வாங்குகிறார்களா, பொம்மைக்காகவா? வீட்டில் பிள்ளை இருப்பவர்களுக்கு விடை தெரியும். ஆனால் எடையும் விலையும் வேறு கதை சொல்லலாம். இத்தகைய பொருளுக்குத் தானாக முடிவெடுக்காமல், கடைசிப் பகுதியில் சொல்லும் முன்தீர்ப்பைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

வரி ஒரு கதை, பாதுகாப்பு இன்னொரு கதை

‘மிட்டாய் என்று எழுதிவிட்டேன், இனி பொம்மைச் சட்டம் எனக்கில்லை’ என்று நினைப்பதுதான் இருக்கிற தவறுகளிலேயே விலை உயர்ந்தது. பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று வடிவமைத்த எந்தப் பொருளும், விளையாட்டு மட்டுமே அதன் பயனாக இல்லாவிட்டாலும்கூட, அதன் வரையறைக்குள் வரும். எனவே வகைப்பாடு எதுவானாலும், பொம்மைப் பாகத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. உரிமம் வாங்க வேண்டியவர் இறக்குமதியாளர் அல்ல, வெளிநாட்டுத் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையிடம் உரிம எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

மறுபக்கமும் அப்படியே. முழுப்பொருளும் 9503 என்று போனாலும் உள்ளே இருப்பது உணவு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் இறக்குமதி உரிமமும் சரக்கு வந்ததும் அவர்கள் அனுமதியும் வேண்டும். 2017 இறக்குமதி விதிகளின்படி, அனுமதி பெறும் நேரத்தில் ஆயுட்காலத்தில் 60 சதவீதமோ, காலாவதிக்கு முன் 3 மாதமோ, இரண்டில் எது குறைவோ அதுவாவது மிச்சம் இருக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண், சைவ அசைவக் குறி ஆகியவற்றைத் துறைமுகக் கிடங்கிலேயே ஸ்டிக்கராக ஒட்ட வழியிருக்கிறது. பொருட்பட்டியலோ காலாவதித் தேதியோ அச்சில் இல்லையென்றால் ஸ்டிக்கர் காப்பாற்றாது. ஜெல்லி மிட்டாயில் விலங்கு ஜெலட்டின் இருந்தால் அசைவக் குறி கட்டாயம். பச்சைப் புள்ளி ஒட்டி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கெடுபிடி எல்லாம் காகிதத்துக்காக மட்டும் அல்ல. 2023இல் நியூயார்க்கில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, உருளும் பந்தை நக்கித் திரவ மிட்டாய் சாப்பிடும் ரகத்தில் பந்து கழன்று தொண்டையில் சிக்கி இறந்தாள். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய மிட்டாய்களைத் திரும்பப் பெறச் செய்தது. ஒரே நிறுவனத்தின் சரக்கு மட்டும் சுமார் 7 கோடி மிட்டாய். அதே நாட்டில் 1938 உணவுச் சட்டம் மிட்டாய்க்குள் தின்ன முடியாத பொருளைப் பதித்து விற்பதைத் தடுக்கிறது. சாக்லேட் ஓட்டுக்குள் பொம்மை வைத்த கிண்டர் சர்ப்ரைஸ் முட்டைகளை அந்தச் சட்டத்தால்தான் அமெரிக்கச் சுங்கத் துறை பிடித்து வைக்கிறது. 2011 நிதியாண்டில் மட்டும் 60,000க்கும் மேல். க்ரீமும் பொம்மையும் தனித்தனி மூடிய பாதிகளில் இருக்கும் கிண்டர் ஜாய் 2017 கடைசியில் அங்கே கடைக்கு வந்தது.

ஆகவே மாதிரி மேசையில் இருக்கும்போதே இவற்றையும் பார்த்துவிட வேண்டும்:

- மிட்டாயும் பொம்மையும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றனவா? நடுவில் மூடிய உறை இல்லாத பொருளைத் தள்ளிவிடலாம்.
- எளிதில் கழலும் பாகம் உண்டா? பந்து, சக்கரம், கண் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். சிறுபாகச் சோதனைக் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்குவது 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து.
- விளக்கு எரியும் லாலிபாப்பா? உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகலாம். பேட்டரி அறையின் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லையென்றால் வாங்கவே கூடாது. லாபம் எவ்வளவு என்றாலும் சரி.

படிவத்தில் நடக்கும் பிசகுகள்

‘நாவல்டி கேண்டி’ என்று இரண்டே சொல்லில் விவரம் எழுதுவது பரவலான பழக்கம். 2020இல் முகமில்லா மதிப்பீடு வந்த பிறகு, சென்னையில் இறங்கும் சரக்கின் படிவத்தை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவர் கண்ணில் பொருள் படாது, விவரம்தான் படும். ‘பிளாஸ்டிக் மோதிரப் பிடியுடன் கூடிய காய்ச்சிய சர்க்கரை மிட்டாய், மிட்டாய் இத்தனை கிராம், பிடி இத்தனை கிராம்’ என்று எழுதி, பிரித்த மாதிரியின் படத்தைச் சுங்கத் துறையின் இணைய ஆவண வசதியான இ-சஞ்சித்தில் ஏற்றிவிட்டால் கேள்விகள் குறையும்.

ஒரே அட்டைப்பெட்டியில் பத்து ரகம் கலந்து தருவிப்பது இன்னொரு வம்பு. ஒவ்வொரு ரகமும் மேசைப் பரிசோதனையில் தனித்தனி விடை தரும். படிவத்திலும் தனித்தனி வரி வேண்டும். பெரும்பான்மை மிட்டாய் என்பதற்காக மொத்தத்தையும் 1704இல் தள்ளினால், சுங்கச் சட்டம் 111(ம) பிரிவின்கீழ் தவறான அறிவிப்பு என்று சரக்கையே பறிமுதல் செய்ய இடமுண்டு. விலையைப் பிரிக்கும்போது மிட்டாய்க்கு ஏற்றி, பொம்மைக்கு இறக்கி எழுதச் சொல்லும் யோசனையும் சந்தையில் இலவசமாகக் கிடைக்கும். ஏற்கவே கூடாது. சாதாரணமாக 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டிய குறைவரியை, மறைத்தார் என்று தெரிந்தால் 5 ஆண்டு வரை பின்னால் போய்க் கேட்க 28ஆம் பிரிவு இடம் தருகிறது.

சந்தேகம் தீரவில்லையா?

எட்டு படியும் ஏறி இறங்கிய பிறகும் மனம் இரண்டாக நின்றால், சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் 2021 முதல் இயங்குகிறது. விண்ணப்பத்தில் பொருளின் விவரம், எடை, விலைப் பிரிப்பு, தனக்குச் சரி என்று படும் தலைப்பு எண், அதற்கான காரணம் எல்லாம் எழுத வேண்டும். 7ஆம் படியில் கிழித்த இரண்டு பத்தித் தாள் இங்கேதான் கைகொடுக்கும். விடை 3 மாதத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம். கேட்டவரையும் சுங்கத் துறையையும் அது கட்டுப்படுத்தும்; அதே பொருளை அடுத்தவர் கொண்டுவந்தால் அவருக்குச் செல்லாது. ஆகவே பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய தீர்ப்பின் நகலை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய்.